பனிச்சறுக்கு வீரனும் நெல் மூட்டையும்

எங்கள் கல்லூரி வாசலுக்கு எதிரே மூன்று ஜெராக்ஸ் கடைகள். பருவம் தொடங்கிப் பதினைந்து நாள் ஆனால் நடுக்கடைச் சுவரோரம் பாடவாரியாக அட்டைக் கோப்புகள் வந்துவிடும். ‘இயற்பியல், முதலாண்டு, அலகு 1 முதல் 5’ என்று மார்க்கரில் எழுதியிருக்கும். பாடத்தின் பெயரைச் சொன்னால் கடைக்காரர் கோப்பை உருவி, நகலெடுத்து, ஸ்பைரல் போட்டுக் கையில் கொடுப்பார். அந்தக் கட்டுக்குள் ஏதோ ஒரு பதிப்பக நூலின் இரண்டு இயல்கள், எப்போதோ ஒருவர் வகுப்பில் சொல்லி யாரோ எழுதிக்கொண்ட குறிப்புகள், ஐந்தாண்டு வினாத்தாள்கள் எல்லாம் இருக்கும். ஆனால் யாருடைய பெயரும் இருக்காது. இருபது ஆண்டுகளாக நான் இந்தக் கட்டோடு போட்டி போட்டுத்தான் பாடம் நடத்துகிறேன்.

திறந்த கல்வி வளங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கடையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்களின் வாதம் வேறு ஊரில் பிறந்தது. 2001 ஏப்ரலில் எம்.ஐ.டி. தன் பாடக் குறிப்புகளை எல்லாருக்கும் இணையத்தில் திறந்துவிடப்போவதாக அறிவித்தது. மறு ஆண்டு பாரீசில் யுனெஸ்கோ கூட்டிய கூட்டத்தில்தான் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயரே உருவானது. அந்த ஆண்டு டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வந்தன. நம் விக்கிப்பீடியர்கள் அதைப் படைப்பாக்கப் பொதுமம் என்பார்கள். 2012இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஓப்பன்ஸ்டாக்ஸ் பாடநூல்கள் வெளிவரத் தொடங்கின. ஆசிரியர்கள் எழுதி, வேறு ஆசிரியர்கள் சரிபார்த்து, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும் முழுப் பாடநூல்கள். முதலில் வந்தவை இயற்பியலும் சமூகவியலும்.

அங்கே அதற்கு அவ்வளவு வரவேற்பு கிடைத்ததற்குக் காரணம் விலை. முதலாண்டு இயற்பியல் நூல் ஒன்று நூறு, இருநூறு டாலருக்கு விற்கும் நாடு அது. 2018இல் ஃபுளோரிடா மாநிலக் கல்லூரி மாணவர்களிடம் நடந்த கணக்கெடுப்பில் 64 விழுக்காட்டினர், விலை தாங்காமல் கட்டாயப் பாடநூலை வாங்காமல் விட்டதுண்டு என்று சொல்லியிருந்தார்கள். அதே ஆண்டு ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு 21,822 மாணவர்களின் மதிப்பெண்களை எடுத்துக்கொண்டது. எட்டுப் பாடங்களில் விலைநூலுக்குப் பதில் ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல் வந்தபின் மதிப்பெண் உயர்ந்தது. தோல்வியும் பாடத்தைப் பாதியில் விடுவதும் குறைந்தன. அரசு உதவித்தொகை பெறும் ஏழை மாணவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டாத கருத்தரங்கக் கட்டுரையை நான் பார்த்ததில்லை. ஆனால் அடுத்த ஆண்டே ஓப்பன்ஸ்டாக்ஸ் வீட்டுக்குள்ளிருந்து வந்த இன்னொரு கட்டுரையை மேற்கோள் காட்டுவோர் குறைவு. ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியது. ஓப்பன்ஸ்டாக்ஸைத் தொடங்கிய ரிச்சர்ட் பரனியுக்கும் அதில் ஓர் ஆசிரியர். அவர்கள் கேட்டது எளிய கேள்வி. இலவச நூல் யாருக்கு உதவும்? முன்பு நூலே இல்லாதவருக்குத்தான். நூல் வைத்திருந்தவருக்கு விலைநூல் போய் இலவச நூல் வந்தால் மதிப்பெண்ணில் ஏன் மாற்றம் வரவேண்டும்? ஆகவே வகுப்பு முழுவதன் சராசரியை எடுத்தால் பலன் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்றார்கள். இலவச நூலால் பயனில்லை என்று காட்டும் ஆய்வுகளையும் இந்தக் கண்ணோடுதான் படிக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு இது நேர்மையான வாதமாகப் பட்டது.

இதையே நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். எங்கள் மாணவரிடம் நூல் இல்லையா? நூல் இல்லை, கட்டு இருக்கிறது. விலைப் பிரச்சினையைக் கடைக்காரர் எப்போதோ தீர்த்துவிட்டார். சட்டமும் ஓரளவுக்கு அவர் பக்கம்தான். தில்லிப் பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி நகலகத்தின் மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. பல நூல்களிலிருந்து இயல்களை எடுத்துத் தொகுத்து மாணவருக்கு விற்றதுதான் குற்றச்சாட்டு. 2016 செப்டம்பர் 16 அன்று தில்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. பாடம் கற்பிக்கும் போக்கில் எடுக்கும் நகல் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது என்றது. மேல்முறையீட்டில் சில கேள்விகள் விசாரணைக்குத் திரும்பினாலும் 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கைக் கைவிட்டன.

ஆகவே, ‘திறந்த வளம் வந்தால் ஏழை மாணவருக்குப் பணம் மிச்சம்’ என்று அமெரிக்க வாதத்தை இங்கே அப்படியே ஒப்பிப்பது முக்கால் பொய். பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் விலை உண்மையிலேயே கடிக்கும், அதை மறுக்கவில்லை. கலை அறிவியல் கல்லூரியில் கதை வேறு.

அப்படியானால் நமக்கு இதில் என்ன இருக்கிறது? கட்டுக்கும் திறந்த நூலுக்கும் உள்ள வேறுபாடு விலையில் இல்லை, அனுமதியில் இருக்கிறது. கட்டை நான் திருத்தி வெளியிட முடியாது, ஏனென்றால் அது யாருடையது என்றே தெரியாது. திறந்த உரிமமோ, வைத்திருக்கலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம், மற்றொன்றோடு கலக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று ஐந்து உரிமைகளைத் தருகிறது. டேவிட் வைலி என்பவர் வகுத்த பட்டியல் இது. இதில் நம் கல்லூரிகள் புழங்குவது முதல் இரண்டைத்தான், அதாவது இறக்குவதையும் படிப்பதையும். நடுவில் இருக்கும் இரண்டுதான் ஆசிரியருக்கானவை. அவற்றை யாரும் தொடுவதில்லை.

தொட்டுப் பார்த்த கதையைச் சொல்கிறேன். ஓப்பன்ஸ்டாக்ஸின் இயற்பியல் நூலில் உராய்வு பற்றிய இயலின் முதல் எடுத்துக்காட்டு ஒரு பனிச்சறுக்கு வீரரைப் பற்றியது. 62 கிலோ நிறையுள்ளவர் 25 பாகை சாய்ந்த பனிச்சரிவில் சறுக்கி இறங்குகிறார். உராய்வு விசை 45 நியூட்டன். இயக்க உராய்வுக் குணகம் எவ்வளவு? விடை 0.082. என் வகுப்பில் பனியைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை, குளிர்பதனப் பெட்டியில் படிவதைத் தவிர. கணக்கைப் போட்டுவிடுவார்கள். ஆனால் 0.082 என்பது சிறியதா பெரியதா என்று கேட்டால் முழிப்பார்கள். எதோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள்?

வீரரை எடுத்துவிட்டு நெல் மூட்டையை வைத்தேன். எங்கள் பக்கம் வியாபாரிகள் பிடிக்கும் மூட்டையும் 62 கிலோதான் என்பதால் நிறையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. லாரியிலிருந்து சாய்த்துப் போட்ட பலகை, அதே 25 பாகை. உராய்வை மட்டும் 165 நியூட்டன் ஆக்கினேன். குணகம் 0.3 வந்தது. அடுத்த கேள்வியாக ஒன்றைச் சேர்த்தேன்: மூட்டை நனைந்திருந்தால் குணகம் கூடுமா குறையுமா? அன்றைக்கு வகுப்பில் நடந்த சண்டை இருபது ஆண்டில் நான் பார்க்காதது. அப்பாவோடு களத்துக்குப் போகிற பையன் ஒருவன், சாக்கு நனைந்தால் பலகையில் ஒட்டிக்கொள்ளும் சார், தள்ளத்தான் வேண்டும் என்றான். இல்லை வழுக்கும் என்றாள் ஒருத்தி. பலகை நனைந்தால் ஒரு மாதிரி, சாக்கு நனைந்தால் ஒரு மாதிரி என்று மூன்றாவது கட்சி கிளம்பியது. பனிச்சறுக்கு வீரருக்காக யாரும் இப்படி அடித்துக்கொண்டதில்லை.

அந்த ஓர் இயலைத் தமிழாக்கி, எடுத்துக்காட்டுகளை மாற்றி, படங்களுக்குக் குறிப்பு எழுதி முடிக்க எனக்கு ஒரு கோடை விடுமுறை போதவில்லை. இங்கேதான் திறந்த வளத்தின் உண்மையான செலவு இருக்கிறது. அது வாசகருக்கு இலவசம், அவ்வளவுதான். எழுதுகிறவர், மாற்றுகிறவர், சரிபார்க்கிறவர் யாருக்கும் இலவசம் இல்லை. ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்களின் பின்னால் பெரிய அறக்கட்டளைகளின் பணம் இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது என்று பார்க்க யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளைப் புரட்டலாம். பதவி உயர்வுக்கான ஆய்வுப் புள்ளிகள் அங்கே அட்டவணையாக இருக்கின்றன. அறிவியலில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 8 புள்ளி. ஒரு முழு நூலை மொழிபெயர்த்தாலும் 8 புள்ளிதான். ஓர் இயலுக்கு 3. இருக்கும் திறந்த நூலை நம் பாடத்திட்டத்துக்கேற்ப வெட்டி ஒட்டி வளர்க்கும் வேலைக்கு அட்டவணையில் வரியே இல்லை. எழுநூறு பக்கத்தைத் தமிழாக்குவதும் ஆறு பக்கக் கட்டுரையும் ஒரே எடை என்றால் நல்ல புத்தி உள்ளவர் எதைச் செய்வார்? என் சக ஆசிரியர்களை நான் குறை சொல்வதில்லை. கௌரவ விரிவுரையாளராக வந்து பருவத்துக்குப் பருவம் பணி நீட்டிப்பை எதிர்பார்த்திருப்பவரிடம் போய்ப் படைப்பாக்கப் பொதுமம் பேசுவது எனக்கே கூச்சமாக இருக்கும்.

தமிழில் கல்லூரிப் பாடநூல் எழுதமுடியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 1960களிலும் 70களிலும் அரசே அதைச் செய்தது. தமிழில் பட்டப்படிப்பு தொடங்கியபோது இயற்பியல், வேதியியல், உளவியல், பொருளியல் என்று நூற்றுக்கணக்கான நூல்களை முதலில் தமிழ் வெளியீட்டுக் கழகமும் பிறகு தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் கொண்டுவந்தன. பழைய நூலகங்களில் கெட்டி அட்டையோடு இன்னும் கிடக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பலவற்றை இன்று யாரும் படிக்கலாம். ஆனால் அவை பக்கங்களைப் படமெடுத்த பி.டி.எஃப். கோப்புகள். ஒரு சொல்லைக் கூட நகலெடுத்து ஒட்டமுடியாது, ஒரு சமன்பாட்டைத் திருத்தமுடியாது. கண்ணுக்குத் திறந்தது, கைக்குப் பூட்டியது. அந்த நூல்களைத் தட்டச்சு வடிவத்துக்கு மாற்றித் தெளிவான உரிமத்தில் விட்டாலே இன்றைய ஆசிரியருக்குப் பாதி வேலை குறையும். அரை நூற்றாண்டில் இயற்பியலின் அடிப்படை மாறவில்லை, அலகுகளும் கலைச்சொற்களும்தான் கொஞ்சம் மாறியிருக்கின்றன.

இலக்கியத்துக்கு நம்மிடம் ஆள் பஞ்சம் இல்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளை ஆவணப்படுத்தும் நூலகம் தளம் எல்லாம் தன்னார்வலர் உழைப்பில் எழுந்தவை. சங்கப் பாடலைத் தட்டச்சு செய்ய இரவு கண்விழிப்பவர் இருக்கிறார். வெப்ப இயக்கவியலுக்கு அப்படி ஒருவர் வரவில்லை. கலைச்சொல் சிக்கலும் ஒரு காரணம். நாம் முடுக்கம் என்பதை இலங்கையில் ஆர்முடுகல் என்கிறார்கள். திறந்த உரிமம் இருந்தால் ஒரே நூலை இரண்டு கலைச்சொல் பதிப்பாக வெளியிடுவது ஒரு பிற்பகல் வேலை.

எந்திர மொழிபெயர்ப்பு இதையெல்லாம் ஒரே நாளில் தீர்த்துவிடும் என்கிறார்கள். ஓரளவு உண்மை. ஏ.ஐ.சி.டி.இ. பொறியியல் நூல்களை இந்திய மொழிகளில் கொண்டுவர எந்திர உதவியைத்தான் நாடியிருக்கிறது. நானும் என் இயலின் முதல் வரைவை எந்திரத்திடம்தான் வாங்கினேன். வாக்கியங்கள் வியப்பூட்டும் அளவுக்கு ஒழுங்காக இருந்தன. காந்தப்புலம் வரவேண்டிய ஒரு பெட்டிச் செய்தியில் மட்டும் ‘காந்த வயல்’ என்று வந்திருந்தது. டெல்டாக்காரனுக்கு இதைவிட நெருக்கமான இயற்பியல் கிடைக்காது என்று சிரித்துக்கொண்டேன். சிரித்தபிறகு ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு வைத்துப் படிக்கவேண்டியிருந்தது. வரைவுக்கு ஆன நேரம் ஐந்து நிமிடம், சரிபார்க்க இருபது நாள்.

காணொளிப் பாடங்களின் கதை தனி. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். இன்று பொறியியல் மாணவர் எல்லாரும் அறிந்த பெயர். 2017இல் ஸ்வயம் வந்தது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை அதன் வழியே படித்து கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2021இல் யு.ஜி.சி. அனுமதித்தது. படிக்கக் காசில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். இதன் நன்மை பெரிது. பேராசிரியர் இல்லாத துறைக்குப் பேராசிரியர் கிடைக்கிறார். என் மாணவி ஒருத்தி குவாண்டம் இயக்கவியலைச் சென்னை ஐ.ஐ.டி. ஆசிரியரிடம் செல்போனில் கேட்டுவிட்டு வந்து எனக்கு விளக்கினாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, லேசாக எரிச்சலாகவும் இருந்தது.

எரிச்சலுக்குக் காரணம் பொறாமை மட்டும் இல்லை. அந்த ஆசிரியரே வந்து பாடம் எடுக்கிறார், சரி. காலிப் பணியிடத்தை ஏன் நிரப்பவேண்டும் என்று நிர்வாகம் கேட்கும் நாள் தூரத்தில் இல்லை. தவிர, ஒரு மணி நேர ஆங்கில விரிவுரையில் என்னால் எதையும் மாற்ற முடியாது. நூலில் வீரரை எடுத்து மூட்டையை வைத்ததுபோல் காணொளியில் வைக்க முடியுமா? இதற்கும் வழி உண்டென்று மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுட்டோரியல் காட்டியிருக்கிறது. மென்பொருள் கற்றுத்தரும் குறும்படங்கள் அவை. திரை ஒன்றே, பேச்சு மட்டும் தனிப் பிரதியாக நேரக் குறிப்போடு எழுதப்பட்டிருக்கும். அந்தப் பிரதியை மொழிபெயர்த்துத் தமிழ்க் குரலை ஏற்றினால் தமிழ்ப் பாடம் தயார். மாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட வளம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இலவசமாக வந்தது இலவசமாகவே இருக்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. பிளாட் வேர்ல்ட் நாலெட்ஜ் என்ற அமெரிக்க நிறுவனம் திறந்த பாடநூல்களுக்கே புகழ்பெற்றது. 2012 நவம்பரில், புத்தாண்டு முதல் இலவச வாசிப்பு கிடையாது என்று அறிவித்துவிட்டது. பெர்க்லியில் நடந்தது இன்னும் சங்கடமானது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அந்த வளாகம் ஆண்டுக்கணக்காகத் தன் வகுப்புகளைப் பதிவுசெய்து பொதுவில் வைத்திருந்தது. காது கேளாதோருக்கான எழுத்து வரிகள் சரியாக இல்லை என்று புகார் எழுந்தது, அமெரிக்க நீதித்துறை விசாரித்துப் புகார் நியாயம் என்றது. வரிகள் சேர்க்க ஆகும் செலவைப் பார்த்த பல்கலைக்கழகம், 2017 மார்ச்சில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. யார் பக்கம் நிற்பது? காது கேளாதவர் கேட்டது நியாயம். விளைவு, யாருக்கும் இல்லாமல் போனது. உரிமம் தெளிவாக இருந்து பலரிடம் நகல் இருக்குமானால் ஒரு நிறுவனம் கைவிட்டாலும் பொருள் அழியாது. ஐந்து உரிமைகளில் முதலாவதான ‘வைத்திருக்கலாம்’ என்பதன் மதிப்பு அப்போதுதான் தெரிகிறது.

உரிமங்களிலும் குழப்பம் உண்டு. எம்.ஐ.டி. பாடங்கள் வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு வருகின்றன. விக்கிப்பீடியாவுக்கு அந்த நிபந்தனை இல்லை. தம்மிலிருந்து உருவாகும் எதுவும் தம் உரிமத்திலேயே தொடரவேண்டும் என்று இரண்டுமே கேட்கின்றன. விளைவாக, இரண்டு இலவசப் பொருள்களை ஒன்றாகக் கலந்து ஒரு பாடம் செய்யச் சட்டப்படி வழியில்லை. ‘வணிகம் கூடாது’ என்பது ஜெராக்ஸ் கடை வாசலில் என்ன ஆகும் என்றும் எனக்குச் சந்தேகம் இருந்தது. அமெரிக்காவில் கிரேட் மைண்ட்ஸ் என்ற அமைப்பு இதே கேள்வியோடு ஃபெடெக்ஸ் நகலகத்தின் மேல் வழக்குப் போட்டு 2018இல் தோற்றது. பள்ளி கேட்டு நகலகம் எடுத்துக்கொடுப்பது பள்ளியின் பயன்பாடே என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். கடைக்காரர் தானே கோப்பு வைத்து விற்றால் என்ன என்பதற்கு அந்தத் தீர்ப்பில் விடை இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே பாடத்திட்டம். அமெரிக்க ஆசிரியர் தன் வகுப்புக்கான நூலைத் தானே தேர்ந்தெடுக்கிறார். இணைவுக் கல்லூரி ஆசிரியருக்கு ஐந்து அலகும், நூல் பட்டியலும், வினாத்தாளும் பல்கலைக்கழகத்திலிருந்து வருகின்றன. அந்தப் பட்டியலில் இல்லாத நூல் எவ்வளவு திறந்திருந்தாலும் மாணவர் தொடமாட்டார். ஒரு பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் ஓப்பன்ஸ்டாக்ஸ் நூலைச் சேர்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். காசில்லாமல் கிடைப்பதில் தரம் இருக்குமா என்று கேட்டார் ஒரு மூத்தவர். குழு அன்று சேர்த்த ஒரு நூலின் விடைப்பகுதியில் மூன்று தவறுகள் இருப்பதை என் மாணவர்கள் பிறகு கண்டுபிடித்தார்கள். அச்சிட்ட நூல், அடுத்த பதிப்பு வரை தவறும் அச்சிட்டபடியே இருக்கும். திறந்த நூலில் பிழையைத் தெரிவிக்க ஒரு படிவம் இருக்கிறது. நான் இதுவரை ஒன்றும் அனுப்பியதில்லை, சோம்பல்தான்.

உராய்வு இயலின் தமிழ் வடிவத்தை அச்செடுத்து நடுக்கடைக்காரரிடம் நானே கொடுத்தேன். விற்கலாமா சார் என்றார். தாராளமாக விற்கலாம், இந்த உரிமத்தில் அதற்குத் தடையில்லை, மூலம் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு மட்டும் இருக்கவேண்டும் என்றேன். அந்தக் குறிப்பை முதல் பக்கத்தில் அழகாகப் போட்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்து வகுப்பில் ஒரு பையனின் கட்டைப் புரட்டினால் மூட்டை இருக்கிறது, பலகை இருக்கிறது, முதல் பக்கத்தைக் காணோம்.

மாலையில் கடைக்குப் போய்க் கேட்டேன். “அதுல கேள்வி ஒண்ணும் வராதே சார்,” என்றார். “புள்ளைங்களுக்கு ஒரு பக்கம் மிச்சம்.”

வீட்டுக்கு வந்து உரிமப் பக்கத்தை மறுபடி படித்தேன். நூலின் பகுதியை அச்சிட்டுக் கொடுத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் மூலக் குறிப்பு வேண்டும் என்று அவர்கள் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நான்தான் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். இப்போது பதினெட்டுப் பக்கத்திலும் அடிவரியாக அது இருக்கிறது, கத்தரிக்க முடியாத இடத்தில், வினா எண்ணை ஒட்டி.